முகப்பா, முழுக் கட்டடமா, புதுக் கோபுரமா: கனடாவின் பழைய கடைத்தெருவுக்கு எதைக் கேட்பது?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கில்ட் பூங்காவைத் தெரியாத தமிழ்க் குடும்பம் குறைவு. ஒன்ராறியோ ஏரியின் செங்குத்துக் கரைக்கு மேலே, மரங்களுக்கு நடுவே, பெரிய கற்றூண்கள் எட்டு ஒரு மேடையைச் சூழ நிற்கும். கோடைகாலச் சனிக்கிழமைகளில் மாப்பிள்ளை, பொம்பிளை சோடிகள் படம் எடுக்க முறைக்காகக் காத்திருப்பார்கள். எங்கள் கலியாணப் படத்திலும் அந்தத் தூண்கள்தான் பின்னால் நிற்கின்றன. அவை எங்கிருந்து வந்தவை என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ரொறன்ரோ நடுநகரில் கிங் வீதியும் பே வீதியும் சந்திக்கும் மூலையில் நின்ற பாங்க் ஒஃப் ரொறன்ரோ தலைமையகத்தின் தூண்கள் அவை. 1966 இல் அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். ஸ்பென்சர் கிளார்க், ரோசா கிளார்க் என்ற தம்பதியினர் உடைந்த துண்டுகளை வாங்கித் தங்கள் காணிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1972 இல் இடிக்கப்பட்ட ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகைக் கட்டடத்தின் வாசலும் அங்கே இருக்கிறது. போக வர வழியில்லாத ஒரு வாசல்.

இந்தப் பூங்கா திரும்ப நினைவுக்கு வந்ததற்குக் காரணம், தம்பி முறையான ஒருவர் கேட்ட கேள்வி. நகரின் கிழக்குப் பக்கத்துப் பழைய வீதியொன்றில் அவர் தையற்கடை நடத்துகிறார். இரண்டு மூன்று மாடிச் செங்கற் கட்டடங்கள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வரிசை. கீழே கடை, மேலே வாடகைக் குடியிருப்பு. எல்லாம் நூறு வயது தாண்டியவை. அண்மையில் அந்த வரிசைக்கு முன்னால் ஓர் அறிவிப்புப் பலகை முளைத்தது: முப்பது மாடிக்குக் கொஞ்சம் குறைவான ஒரு கொண்டோ, அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பு, பழைய முகப்பு பாதுகாக்கப்படும் என்ற வாக்குறுதியோடு. பொதுக்கூட்டம் வரப்போகிறது. "வேண்டாம் என்று எழுதுறதோ அண்ணை, இல்லாட்டி முகப்பையாவது வைச்சிருக்கிறாங்கள்தானே என்று விடுறதோ?" என்று கேட்டார். தொலைபேசியில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே பலகை வேறு எத்தனையோ பேரின் கடைக்கு முன்னாலும் நிற்கிறது.

எதை விரும்புகிறோம் என்று பேச முன்னர், எதைக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்ராறியோவின் மரபுரிமைச் சட்டம் 1975 இல் வந்தது. ஆனால் ஒரு கட்டடத்தை இடிக்கவே கூடாது என்று மறுக்கும் அதிகாரம் மாநகர சபைகளுக்கு 2005 திருத்தத்தோடுதான் கிடைத்தது. 2022 இல் வந்த இன்னொரு திருத்தம் அந்தப் பிடியை வேறு வழியில் தளர்த்தியது. காக்க வேண்டிய கட்டடம் முதலில் சபையின் மரபுரிமைப் பட்டியலில் இருக்க வேண்டும். அதில் இல்லாத கட்டடத்துக்குக் கொண்டோ விண்ணப்பம் வந்துவிட்டால், அதன் பிறகு பாதுகாப்பு அறிவிக்க முடியாது. முழுப் பாதுகாப்புப் பெற, சட்டத்தின் ஒன்பது அளவுகோல்களில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். பட்டியலில் மட்டும் இருந்து முழுப் பாதுகாப்புப் பெறாதவை குறித்த காலத்தில் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். அந்தக் கெடு பின்னர் 2027 ஜனவரி 1 வரை நீட்டப்பட்டது. 2024 இல் இன்னொரு கதவும் சாத்தப்பட்டது. வலய மாற்றத்துக்கு, அதாவது ஒரு காணியில் எதைக் கட்டலாம் என்ற விதியை மாற்றுவதற்கு, எதிராக அயலவர்கள் நிலத் தீர்ப்பாயத்தில் மேன்முறையீடு செய்யும் உரிமை பெரும்பாலும் போய்விட்டது. ஆகவே சபை முடிவெடுக்க முன்னர் எழுதும் கடிதம்தான் வாடகைக் கடைக்காரரின் கையில் இருக்கும் ஒரே கருவி. அதை முகப்புச் சுவருக்காக மட்டும் செலவழிப்பது எனக்கு மனவருத்தம்.

ஏனென்றால் கடைத்தெருவைக் கடைத்தெருவாக வைத்திருப்பது முகப்பின் பூவேலை இல்லை. பதினைந்து, இருபது அடி அகலத்துக்கு ஒரு கதவு வருவது. அந்தச் சிறிய அகலத்துக்கு ஏற்ற சிறிய வாடகை. மேலே ஆட்கள் குடியிருப்பதால் இரவிலும் எரியும் வெளிச்சம். நூறு அடி நடந்தால் ஒரு தையற்காரர், ஒரு பழக்கடை, ஒரு சப்பாத்துத் திருத்துபவர், ஒரு தேநீர்க் கடை. என் அளவுகோல் இதுதான். கீழே வரும் தெரிவுகளையெல்லாம் இதை வைத்துத்தான் பார்க்கிறேன்.

முழுவதும் காத்து, வேறு வேலைக்குத் திருப்புவது

ரொறன்ரோவில் இதற்கு நான் எப்போதும் காட்டுவது 401 ரிச்மண்ட். 1899 இல் தொடங்கிய தகரப் பெட்டித் தொழிற்சாலை. 1994 இல் மார்கரெட் சைட்லர் அதை வாங்கியபோது, இடித்து வாகனத் தரிப்பிடம் ஆக்கியிருக்கலாம். அவர் சுவரையும் மரத்தளத்தையும் அப்படியே விட்டு, உள்ளே சிறு சிறு அறைகளாக வாடகைக்குக் கொடுத்தார். இன்று நூற்றுக்கு மேற்பட்ட கலைக்கூடங்களும் சிறு நிறுவனங்களும் அங்கே. இரண்டு வருடம் கழித்து, 1996 இல், மேயர் பார்பரா ஹோல் காலத்தில் அந்த வட்டாரத்தைத் தொழிற்சாலைக்கு மட்டுமென ஒதுக்கியிருந்த விதி தளர்த்தப்பட்டது. நகரங்களைப் பற்றி எழுதிப் பெயர்பெற்ற, 1968 முதல் ரொறன்ரோவில் வாழ்ந்த ஜேன் ஜேக்கப்ஸும் அந்த மாற்றத்துக்குத் தோள் கொடுத்தவர். வெறிச்சோடிக் கிடந்த கட்டடங்களில் ஆட்கள் குடியேறினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சுற்றிலும் கோபுரங்கள் எழ எழ, 401 ரிச்மண்ட் நிற்கும் நிலத்தின் மதிப்பும் ஏறியது. நாலு மாடிக் கட்டடத்துக்கு, அங்கே கோபுரம் கட்டலாமே என்ற கணக்கில் சொத்து வரி மதிப்பிடப்பட்டது. 2017 அளவில் அது மூடப்படும் நிலைக்கே வந்தது. மாகாண அரசும் மாநகரமும் அத்தகைய கலைக்கூடக் கட்டடங்களுக்கென்று தனி வரிப் பிரிவு உண்டாக்கிய பிறகுதான் மூச்சு வந்தது. ஆனால் அந்தப் பிரிவு தையற்கடைக்குப் பொருந்தாது. பழைய கட்டடத்தை அப்படியே காப்போம் என்று எழுதுபவர்கள் வரியைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் விடுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் அந்த வரியை வாடகையில்தான் ஏற்றுவார்.

பராமரிப்பும் சின்ன விடயம் இல்லை. நூறு வருடச் செங்கல் மென்மையானது. அதைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியிருப்பார்கள். அவசரத்துக்கு வந்த கொத்தனார் இடைவெளியைக் கடின சீமெந்தால் பூசிவிட்டால், உள்ளே போன ஈரம் சாந்து வழியே வெளியேற முடியாமல் செங்கல்லுக்குள் தங்கும். குளிரில் உறைந்து விரியும். அடுத்த வசந்தத்தில் செங்கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். அதை வைத்தே, கட்டடம் பழுதாகிவிட்டது, இடிக்க வேண்டும் என்று அறிக்கை வரும். மேற்குக் கரையில் இதோடு நிலநடுக்கப் பயமும் சேரும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் விக்ரோரியா நகரம் இதற்கு ஒரு நல்ல வழி கண்டது. நடுநகரின் பழைய வணிகக் கட்டடத்தை நிலநடுக்கத்துக்கு ஈடாகப் பலப்படுத்தி, காலியாகக் கிடந்த மேல்மாடிகளைக் குடியிருப்பாக மாற்றினால், பத்து வருடம் வரை சொத்து வரி விலக்கு. 1998 இல் தொடங்கிய திட்டம். கட்டடமும் தப்பியது, வீடும் வந்தது. கனடாவின் பெருநகரங்கள் இதைப் பார்த்துப் படிக்க வேண்டும் என்று மனதாரச் சொல்வேன்.

ஆனால் தம்பியின் வரிசையை முழுவதுமாகக் காக்கக் கேட்பது வெல்லுமா? தனித்தனி உரிமையாளர்களிடமிருந்து ஒரே நிறுவனம் வரிசையை வாங்கிவிட்டது. சுரங்க ரயில் நிலையம் நடை தூரத்தில். வீட்டுத் தட்டுப்பாடு பொய் இல்லை. எங்கள் பிள்ளைகளே வாடகை கொடுக்க முடியாமல் பெற்றோர் வீட்டு நிலக்கீழ் அறையில் இருக்கிறார்கள். மூன்று மாடிக்கு மேல் ஒன்றுமே வேண்டாம் என்று அந்த இடத்தில் நின்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முகப்பை மட்டும் வைத்திருப்பது

விண்ணப்பத்தில் இருப்பது இதுதான். சபைக்கும் சமாதானம், நிறுவனத்துக்கும் சமாதானம். வேலை நடக்கும் விதம் இப்படி: முன்சுவரை வெளியிலிருந்து இரும்புச் சட்டங்களால் தாங்கிப் பிடிப்பார்கள். அல்லது கழற்றி, இலக்கமிட்டு, களஞ்சியத்தில் வைப்பார்கள். பின்னால் உள்ள அனைத்தும் இடியும். நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்குப் பல மாடி ஆழம் தோண்டி, கொங்கிறீற் எழுப்பி, கடைசியில் பழைய சுவரைப் புதுச் சட்டகத்தில் ஒட்டுவார்கள்.

கவனமாகச் செய்தால் கைவேலை தப்பும் என்பதை மறுக்கவில்லை. ரொறன்ரோ அடிலெயிட் வீதியில் 1928 இல் கட்டிய கொன்கோர்ஸ் கட்டடத்தின் வாசலில் ஜே. இ. எச். மக்டொனால்ட் வரைந்த வண்ணக் கல்லோவியங்கள் இருந்தன. கட்டடத்தை இடித்து, அதன் முகப்பை 2017 இல் முடிந்த நாற்பது மாடிக் கோபுரத்தின் அடியில் திரும்பக் கட்டி, ஓவியங்களையும் பொருத்தினார்கள். ஒட்டாவாவில் 1907 இன் ஒகில்வி அங்காடியின் முகப்பைக் கழற்றி ரிடோ சென்ரர் கடைத்தொகுதியின் விரிவாக்கத்தில் திரும்ப எழுப்பினார்கள். அவை பெரிய நிறுவனங்களின் பெரிய கட்டடங்கள். அன்றும் ஒரே வாசல், இன்றும் ஒரே வாசல். இழப்பு உட்புறத்தில்தான்.

கடைத்தெருவில் கணக்கு வேறு. ஐந்து கடைக்கு ஐந்து கதவு இருந்த சுவர் அது. உள்ளே இருந்த குறுக்குச் சுவர்கள் போனதும், ஐந்தும் ஒரே மண்டபமாகும். அதை எடுக்க வசதியுள்ளது ஒரு வங்கி, அல்லது ஒரு பெரிய மருந்துக்கடை. நாலு கதவுகள் நிரந்தரமாகப் பூட்டப்படும். கண்ணாடியை உள்ளிருந்து படம் ஒட்டி மறைப்பார்கள். இரண்டாம் மாடி யன்னலுக்குப் பின்னால் கொங்கிறீற் தளத்தின் ஓரம் தெரியும். புதுத் தளமும் பழைய யன்னலும் ஒரே மட்டத்தில் வராததால் வரும் வினை. இரவில் அந்த யன்னல்களில் விளக்கே இருக்காது. கில்ட் பூங்காவின் அந்த வாசலைத்தான் நினைத்துக்கொள்வேன். ஆனால் பூங்காவில் இருப்பது துண்டு என்று பார்த்ததும் தெரியும். தெருவில் நிற்பது தன்னைக் கட்டடம் என்று சொல்லிக்கொண்டு நிற்கும். நான் பார்த்த தெரிவுகளில் கடைக்காரருக்கு மிகக் குறைவாகத் தருவது இதுதான். செய்து முடித்த பிறகு, மரபுரிமையைக் காத்தாயிற்று என்று கோப்பும் மூடப்பட்டுவிடும்.

கட்டடத்தையே தூக்கி வேறிடத்தில் வைப்பதும் உண்டு. நீதியரசர் வில்லியம் காம்பெலுக்காக 1822 இல் கட்டிய வீடு, 1972 இல் ரொறன்ரோ வீதிகளினூடாக உருட்டிச் செல்லப்பட்டு, குயின் வீதியும் யூனிவேர்சிட்டி அவெனியூவும் சந்திக்கும் மூலையில் இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. தனிவீட்டுக்குச் சரி. தோளோடு தோள் ஒட்டிய வரிசையைப் பிய்த்துத் தூக்க முடியாது. இதைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை.

ஆழத்தோடு காத்து, பின்னால் உயர்த்துவது

மொன்றியலின் ஷேர்புரூக் வீதியில் 1973 இல் வான் ஹோர்ன் மாளிகையை இடித்தார்கள். ஊர் கொதித்தது. 1975 இல் கட்டடக் கலைஞர் பிலிஸ் லாம்பேர்ட் முன்னின்று ஹெரித்தாஜ் மொன்றியல் அமைப்பைத் தொடங்க அந்தக் கோபமும் ஒரு காரணம். மாளிகை இடிந்து பத்து வருடம் கழித்து, 1983 இல், அதே வீதியில் அதற்கு அருகிலேயே அல்கான் அலுமினிய நிறுவனம் தன் தலைமையகத்தைத் திறந்தது. வீதியோரத்தில் நின்ற லோர்ட் அதோல்ஸ்ரன் வீட்டையும் பக்கத்துப் பழைய கட்டடங்களையும் இடிக்காமல் விட்டு, புதுக் கட்டடத்தைப் பின்னால் தள்ளி, இரண்டுக்கும் நடுவே கண்ணாடிக் கூரையிட்ட முற்றம் ஒன்றை வைத்தார்கள். நடைபாதையில் நிற்பவருக்கு வீதி பழைய வீதியாகவே இருக்கும். உள்ளே போனால் பழைய வீட்டின் பின்சுவரைத் தொட்டுப் பார்க்கலாம்.

வான்கூவரின் வூட்வர்ட்ஸ் இதைவிடக் கடினமான இடத்தில் செய்யப்பட்டது. 1993 இல் மூடிய பல்பொருள் அங்காடி, நகரின் மிக ஏழ்மையான வட்டாரத்தில், பல வருடம் பாழாகக் கிடந்தது. வீடு கேட்டு மக்கள் அதனுள் புகுந்து போராடினார்கள். 2006 இல் பெரும்பகுதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1900களின் தொடக்கத்து மூலப்பகுதி முழுக் கட்டடமாக நின்றது. அதைச் சுற்றிக் கோபுரங்களும், பல்கலைக்கழகப் பிரிவும், 200 சமூக வீடுகளும் வந்தன. சுற்றுப்புற வாடகை ஏறியது, பழைய ஆட்கள் சிலர் தள்ளப்பட்டார்கள் என்ற குறை உண்மையானது. ஆனாலும் அந்த 200 வீடுகள் இன்றும் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்டதால் வந்தவை அவை.

தம்பிக்கு நான் சொன்ன தெரிவு இதுதான். முன்சுவரைக் கேட்காதே, ஆழத்தைக் கேள். முன்னறை மட்டுமல்ல, குறுக்குச் சுவர்களோடு பத்து மீற்றர் ஆழமாவது நிற்கட்டும். அந்த ஆழத்தில் ஒரு தையற்கடை, ஒரு சிறு உணவுக்கடை நடத்தலாம். மேலே படுக்கையறையோடு ஒரு வீடும் அமையும். யன்னலில் விளக்கு எரியும். கோபுரம் அந்தக் கூரைக்குப் பின்னால் தள்ளி எழும்ப வேண்டும். தெருவில் நடப்பவரின் தலைக்கு மேல் தொங்கக் கூடாது. ரொறன்ரோ 2010 இல் ஏற்றுக்கொண்ட நடுத்தர உயரக் கட்டட வழிகாட்டியின் அடிப்படை, வீதியின் அகலம் எவ்வளவோ அவ்வளவு உயரம் என்பதாக இருந்தது. இருபது மீற்றர் வீதிக்கு ஆறு மாடி அளவு. ரயில் நிலையத்துக்கு அருகில் அது நிற்காது என்று தெரியும். ஆனால் முன்பக்கத்துக்காவது அந்த அளவைக் கேட்கலாம். நிறுவனத்துக்கு இதில் இழப்பு உண்டு. நிலக்கீழ்த் தரிப்பிடம் சிறுக்கும், சில வீடுகள் குறையும். ஒரு மாடி இரண்டு மாடி கூடக் கொடுத்து அதை ஈடுசெய்யச் சபையால் முடியும். நானாக இருந்தால் 29 மாடியை 31 ஆக்க ஒப்புக்கொண்டு அந்தப் பத்து மீற்றரை வாங்குவேன். வானத்தில் இரண்டு மாடி கூடினால் தெருவில் நடப்பவருக்குத் தெரியாது. ஐந்து கதவு ஒன்றானால் அன்றே தெரியும்.

முழுவதும் இடிப்பது

கில்ட் பூங்காத் தூண்களின் கதைக்கு இன்னொரு பாதி இருக்கிறது. அந்த வங்கியை இடித்த இடத்தில் எழுந்தது மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த ரொறன்ரோ டொமினியன் சென்ரர். கறுப்புக் கோபுரங்கள், நடுவே அகன்ற முற்றம். 2003 இல் அதுவே மரபுரிமைச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புப் பெற்றது. இடித்தது சரியென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் துணிந்து, நன்றாகக் கட்டிய புதுக் கட்டடம் ஒரு தலைமுறைக்குள் நகரத்துக்குச் சொந்தமாகிவிடும் என்பதை அந்த முற்றத்தில் நிற்கும்போது ஏற்றுக்கொள்கிறேன். ஆழத்தோடு காக்கவே முடியாது என்று ஆகிவிட்டால், முகப்பு ஒட்டுவதைவிட முழுவதும் புதிதாகக் கட்டி, கீழே பதினாறடிக்கு ஒரு கடையாகப் பிரித்து, கதவுகளைத் தெருவுக்குத் திறக்கக் கேட்பேன். கடைத்தெருவுக்கு அது கூடுதல் நன்மை.

யாரும் தெரிவு என்று பெயர் சொல்லாத ஒன்றும் இருக்கிறது: காத்திருப்பது. ஒட்டாவாவின் பாங்க் வீதியும் சொமர்செற் வீதியும் சந்திக்கும் மூலையில் சொமர்செற் ஹவுஸ் 2007 இல் திருத்த வேலை நடக்கும்போது ஒரு பகுதி இடிந்தது. பிறகு பத்து வருடத்துக்கு மேலாக அந்த மூலை வேலி போட்டு, காலியாகக் கிடந்தது. நகரின் முக்கியமான கடைவீதியொன்றில் ஒரு சந்தி முழுவதும் இருட்டு. எனவே எந்தத் தெரிவைக் கேட்டாலும், கடைகளை எப்போது காலி செய்வது என்ற திகதியைச் சேர்த்துக் கேட்க வேண்டும். கட்டட அனுமதி கைக்கு வரும்வரை ஒரு கடையும் வெளியேற்றப்படக் கூடாது. கூரையை ஒழுக விடக் கூடாது.

இவ்வளவையும் வென்றாலும் தம்பியின் கடை தப்புமா என்றால், அதற்கு மரபுரிமைச் சட்டத்தில் இடமில்லை. அது சுவரைக் காக்கும். வாடகையையோ குடியிருப்பவரையோ காக்காது. வான்கூவர் சைனாரவுனில் 105 கீஃபர் வீதியில் கொண்டோ கட்டும் திட்டத்தை எதிர்த்து முதியவர்களும் இளைஞர்களும் வருடக்கணக்காகக் கூட்டங்களுக்கு வந்து பேசினார்கள். 2017 இல் அது மறுக்கப்பட்டது. 2023 இல் அனுமதி கிடைத்தது. அவர்கள் பேசியது வாழ்க்கையைப் பற்றி. விதிகள் கேட்டது உயரத்தையும் செங்கல்லையும். ஸ்காபரோவின் லோரன்ஸ் வீதிப் பிளாசாக்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பயம் வரும். முன்னால் வாகனத் தரிப்பிடம், பின்னால் ஒற்றை மாடிக் கடைவரிசை. புடவைக்கடை, நகைக்கடை, கொத்துரொட்டிக் கடை எல்லாம் அவ்வகைப் பிளாசாக்களில்தான் வேர் பிடித்தன. கோபுரம் கட்ட அந்தத் தரிப்பிடங்கள் வசதியானவை, அங்கே கட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கடைகளை எவரும் எந்தப் பட்டியலிலும் சேர்க்க மாட்டார்கள். அங்கேயும் கேட்க வேண்டியது சுவரை அல்ல, திரும்பி வரும் உரிமையையும் சிறிய கடை அளவையும் பழைய வாடகைக்குக் கிட்டிய வாடகையையும்தான்.

கடிதத்தில் மூன்று விடயம் எழுதச் சொன்னேன்: பத்து மீற்றர் ஆழம், இருக்கும் கதவுகளின் எண்ணிக்கை குறையாமை, கட்டி முடிந்ததும் இப்போதைய கடைக்காரருக்கு முதல் உரிமை. பட்டியலில் கட்டடம் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்கச் சொன்னேன். இருக்கிறது, முழுப் பாதுகாப்பு இன்னும் இல்லை. பக்கத்துப் பழக்கடைக்காரரையும் மேல்மாடியில் குடியிருக்கும் இரண்டு குடும்பங்களையும் கையெழுத்துக்குச் சேர்க்கச் சொன்னேன். கடையை அளந்து அந்த எண்களையும் கடிதத்தில் போடச் சொன்னேன். வரைபடத்தில் அந்தக் கடை ஒரு சாம்பல் நிறக் கட்டம் மட்டும்தான். இரவு பத்து மணிக்குச் செய்தி வந்தது: "அகலம் பதினாறடி ரெண்டு அங்குலம், உள்ளுக்கு நாப்பத்தெட்டு அடி. ரெண்டு மெசின், ஒரு வெட்டுமேசை, உடுப்பு மாத்திப் பாக்க ஒரு திரை."